அர்னால்டுக்கு நடந்த அநீதி உண்மை. அதனால்தான் காட்டிக்கொடுத்தார் என்பது உண்மையா?

கல்வெட்டு எழுதியது:

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் அர்னால்டுக்காகப் பரிந்து பேச ஒருவர் வந்துவிடுகிறார். பதவி உயர்வை மறுத்தார்கள், குண்டடிபட்ட காலோடு நின்றவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், கடைசியில் தலைமைத் தளபதி வாஷிங்டனே கண்டித்து ஆணை வெளியிட்டார், மனம் வெறுத்துப்போய் எதிரியான பிரிட்டிஷாரிடம் சென்றார் என்பது அவர்கள் சொல்லும் கதை. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் கதை நிற்கவில்லை. அதற்காகவே இந்தத் தனி இழை.

அவருக்கு உரிய பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஹேவன் நகரில் மருந்தும் புத்தகமும் விற்ற கடைக்காரர், மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் விட்ட வணிகர். 1775 செப்டம்பரில் சுமார் 1,100 பேரை அழைத்துக்கொண்டு மெய்ன் காடுகள் வழியாகக் கியூபெக் நகரைப் பிடிக்கப் புறப்பட்டார். அவசரத்தில் பச்சை மரத்தில் அடித்த படகுகள் ஒழுகின. மாவு நனைந்து கெட்டது. ஒரு பிரிவு பாதி வழியில் திரும்பிவிட்டது. மிஞ்சியவர்கள் நாயைக் கொன்று தின்றார்கள், காலணித் தோலை வேகவைத்துச் சாறு குடித்தார்கள். சுமார் 600 பேர் போய்ச் சேர்ந்தார்கள். டிசம்பர் 31 அன்று பனிப்புயலில் நடந்த தாக்குதலில் அர்னால்டின் இடக்காலில் குண்டு பாய்ந்தது. அடுத்த ஆண்டு சாம்ப்ளைன் ஏரிக்கரையில் மரத்தை வெட்டி ஒரு சிறு கப்பற்படையையே கட்டி, வால்கோர் தீவருகே பிரிட்டிஷாரை எதிர்த்தார். தோற்றார். ஆனாலும் அவர்களுடைய படையெடுப்பு ஓராண்டு தள்ளிப்போனது. 1777 அக்டோபர் 7, சரடோகா: அவருடைய மேலதிகாரி கேட்ஸ் அவரிடமிருந்த பொறுப்பைப் பறித்து வைத்திருந்தார். அப்படியும் குதிரையில் ஏறிப் போர்க்களத்துக்குள் புகுந்து, பிரேமன் காவலரணைப் பிடித்த தாக்குதலை நடத்தினார். அங்கே மீண்டும் அதே இடக்கால் நொறுங்கியது. பத்து நாளில் பிரிட்டிஷ் தளபதி பர்காயின் தன் படையோடு சரணடைந்தார்.

அநீதியும் உண்மைதான். 1777 பிப்ரவரியில் காங்கிரஸ், அதாவது மாநிலப் பிரதிநிதிகளின் பேரவை, ஐந்து பேரை மேஜர் ஜெனரலாக உயர்த்தியது. ஐவருமே அர்னால்டுக்கு இளையவர்கள். மே மாதம் அவருக்கும் உயர்வு கிடைத்தது, பணிமூப்பு மட்டும் கிடைக்கவில்லை.

இனி தேதிகள். பணிமூப்பைக் காங்கிரஸ் 1777 நவம்பரில் திருப்பிக் கொடுத்துவிட்டது. ராணுவ நீதிமன்றத் தீர்ப்பு 1780 ஜனவரியில் வந்தது. வாஷிங்டனின் கண்டனம் 1780 ஏப்ரலில். அர்னால்டு பிரிட்டிஷாருக்குத் தூது அனுப்பியதோ 1779 மே மாதத்தில். முதல் குறை தீர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது, கண்டனம் வருவதற்கு ஏறக்குறைய ஓராண்டு இருந்தது. கண்டனத்தைக் கேட்டு மனமுடைந்து போனார் என்று எழுதுபவர்கள், அந்தக் கண்டனம் வருவதற்கு முன்பே அவர் எதிரியோடு விலை பேசியிருந்தார் என்பதைச் சொல்வதில்லை.

*

இளமாறன் எழுதியது:

கல்வெட்டு ஐயா, தேதிகளைச் சரியாகச் சொன்னீர்கள். ஆனால் இரண்டு தேதிகளுக்கு நடுவே இருக்கும் 1779 பிப்ரவரியை விட்டுவிட்டீர்கள்.

பிலடெல்பியாவின் ராணுவ ஆளுநராக அர்னால்டு இருந்தபோது, பென்சில்வேனியா மாநில நிர்வாகக் குழுவின் தலைவர் ஜோசப் ரீட் அவர் மீது எட்டுக் குற்றச்சாட்டுகளை வெளியிட்டார். வெளியிட்டார் என்றால் பத்திரிகையில் அச்சிட்டு, மற்ற மாநிலங்களுக்கும் அனுப்பினார். விசாரணைக்கு முன்பே ஊர் முழுக்கப் பெயர் கெட்டது. காங்கிரஸ் அதை ராணுவ நீதிமன்றத்துக்குத் தள்ளியது. நீதிமன்றம் தள்ளித் தள்ளி அந்த ஆண்டு டிசம்பரில்தான் மாரிஸ்டவுனில் கூடியது. எட்டில் பெரும்பாலானவை நிற்கவில்லை. ஒரு கப்பலுக்கு முறையின்றிக் கொடுத்த அனுமதிச்சீட்டும், அரசு வண்டிகளைச் சொந்தச் சரக்குக்குப் பயன்படுத்தியதும் மட்டுமே மிஞ்சின.

1779 மே 5 அன்று அவர் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். என்னைக் குற்றவாளி என்று நினைத்தால் கடவுள் பெயரால் உடனே விசாரியுங்கள், குற்றம் உறுதியானால் கொன்றுவிடுங்கள் என்று கெஞ்சுகிறார். உடைமையையும் இரத்தத்தையும் கொடுத்து நாட்டுக்காக முடவனானவன், நாட்டு மக்களிடமிருந்து இப்படி ஒரு நன்றிகெட்ட பதிலை எதிர்பார்க்கவில்லை என்கிறார். அது நடிப்பு என்று என்னால் நம்ப முடியவில்லை.

பணக் கணக்கையும் பாருங்கள். கியூபெக் பயணத்தில் சொந்தப் பணத்தையும் கடனையும் போட்டுப் படையை நடத்தினார். கணக்குப் புத்தகங்களும் கடிதங்களும் வால்கோர் சண்டையில் எரிந்த கப்பலோடு போயின. காங்கிரஸ் ரசீது கேட்டது. கடைசியில் அவர்தான் காங்கிரசுக்குப் பணம் தர வேண்டும் என்று கணக்கு முடித்தார்கள்! காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணம் 1780 மார்ச்சில் நாற்பதுக்கு ஒன்றாக மதிப்பிறங்கியது. சிப்பாய்க்குச் சம்பளம் இல்லை, பிலடெல்பியாவில் ஒப்பந்தக்காரர்கள் கொழுத்தார்கள்.

பணமே குறி என்பவர்களுக்கு இன்னொன்று. பங்கர் ஹில் சண்டையில் இறந்த மருத்துவர் ஜோசப் வாரனின் குழந்தைகள் ஆதரவின்றி இருப்பது தெரிந்து, 1778-ல் அர்னால்டு தன் கையிலிருந்து 500 டாலர் கொடுத்தார். மற்றத் தலைவர்கள் அந்தக் குழந்தைகளை மறந்திருந்த நேரம் அது.

*

கல்வெட்டு எழுதியது:

இளமாறன், மே 5 கடிதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாயிற்று.

அதே நாட்களில்தான் ஜோசப் ஸ்டான்ஸ்பரி என்ற பீங்கான் கடைக்காரரை அர்னால்டு தன் வீட்டுக்கு வரவழைக்கிறார். அந்தக் கடைக்காரர் மே 10 அன்று நியூயார்க்கில் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் ஆண்ட்ரேயின் முன்னால் நிற்கிறார். வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தின் மை காய்வதற்குள் ஆள் போய்விட்டது. பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நியாயம் கேட்டு ஒரு கடிதம், விலை கேட்டு ஒரு தூது, இரண்டும் ஒரே வாரத்தில்.

அதன்பின் நடந்த கடிதப் போக்குவரத்தில் புத்தகத்தின் பக்கம், வரி, சொல் என்று எண்களாக எழுதினார்கள். முதலில் பிளாக்ஸ்டோனின் சட்ட நூலையும் பிறகு ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத மையும் உண்டு. அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது தொகை. தோல்வியடைந்தாலும் 10,000 பவுண்டு உறுதி வேண்டும் என்கிறார் அர்னால்டு. முடியாது, 6,000 தருகிறோம் என்கிறார்கள். ஹட்சன் ஆற்றங்கரைக் கோட்டையான வெஸ்ட் பாயின்டை ஒப்படைத்தால் 20,000 என்பது முடிவான பேரம்.

*

சுபேதார் ஓய்வு எழுதியது:

நான் அதிகம் எழுதுபவன் அல்லன். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குக் கீழே பயிற்சி எடுத்த ஒருவர் எனக்கு மேலே போனதை நான் அனுபவித்திருக்கிறேன். அவருக்கு முன்னால் விறைத்து நின்று வணக்கம் செய்த முதல் நாள் இன்றும் நெஞ்சில் இருக்கிறது. அதனால் அர்னால்டின் வலியை யாரும் எனக்கு விளக்க வேண்டாம். காங்கிரசின் பக்கம் ஏதோ ஒரு கணக்கு இருந்தது: மாநிலத்துக்கு இத்தனை ஜெனரல் என்று பங்கு வைத்தார்கள், கனெக்டிகட் மாநிலத்துக்கு ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். இது ராணுவத்தை நடத்தும் முறையே அல்ல என்பதில் இளமாறன் தம்பியோடு எனக்கு முழு உடன்பாடு.

ஆனால் நீங்கள் எல்லாரும் அர்னால்டின் மனதையே பேசுகிறீர்கள். அவர் எதை விற்றார் என்பதைப் பேசுங்கள்.

வெஸ்ட் பாயின்டில் ஹட்சன் ஆறு சட்டென்று முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. பாய்மரக் கப்பல் அந்த வளைவில் வேகம் இழந்தே ஆக வேண்டும். வேகம் இழந்த இடத்தில் இரு கரைப் பீரங்கிகளும் அதன் மேல் இருக்கும். போதாதென்று 1778 ஏப்ரலில் ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டார்கள். ஒரு கண்ணி ஏறக்குறைய இரண்டடி நீளம், நூறு பவுண்டுக்கு மேல் எடை. கட்டைகளின் மேல் மிதக்கவிட்டுக் கரைக்குக் கரை இழுத்துக் கட்டினார்கள். பனிக்காலத்தில் ஆறு உறைவதற்கு முன் கழற்றிக் கரையேற்ற வேண்டும், இளவேனிலில் மறுபடி போட வேண்டும். சில கண்ணிகள் இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. அந்த ஆறு எதிரி கைக்குப் போனால் நியூ இங்கிலாந்து மாநிலங்கள் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம் என்று நாடு இரண்டாகிவிடும். அதனால்தான் வாஷிங்டன் அந்த இடத்தைத் தன் கண்போல் காத்தார். அங்கே தலைமைப் பொறுப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கினார் அர்னால்டு. 1780 ஆகஸ்ட்டில் பொறுப்பேற்றார்.

பிடிபட்டபோது ஆண்ட்ரேயின் காலுறைக்குள் இருந்த காகிதங்களை ஒரு ராணுவத்தான் படித்தால் வயிறு எரியும். எத்தனை ஆட்கள், எத்தனை பீரங்கிகள், ஆபத்து மணி அடித்தால் எந்தப் பிரிவு எங்கே நிற்கும், வாஷிங்டன் கூட்டிய போர்க் குழுவில் என்ன பேசப்பட்டது, எல்லாம் இருந்தன. ஒவ்வொரு காவலரணின் பலவீனமும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கோட்டைத் தொகுதியின் முதன்மைக் கோட்டைக்கு அப்போது பெயர் அர்னால்டு கோட்டை. அவரைப் பெருமைப்படுத்த வைத்த பெயர். அதைப் பற்றி அந்தக் குறிப்பு சொல்வது: காய்ந்த விறகுக் கட்டுகளாலும் மரத்தாலும் ஆனது, சிதைந்து கிடக்கிறது, வேலை முடியவில்லை, குண்டு விழுந்தால் தீப்பிடிக்கும். தன் பெயரிட்ட கோட்டைக்குத் தீ வைக்கும் வழியை எதிரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உள்ளே இருந்தவர்களை மறக்காதீர்கள். பேரத்தில் ஆட்களின் எண்ணிக்கையும் இருந்தது, 3,000 பேர். கோட்டையையும் பீரங்கியையும் இனாம் என்று வைத்துக்கொண்டாலும் தலைக்கு ஏழு பவுண்டு தேறவில்லை. கியூபெக் காட்டில் இவரை நம்பி நடந்தவர்களைப் போன்ற சிப்பாய்கள்தான் அவர்கள். காங்கிரஸ்காரர்கள் இல்லை. ரீட் இல்லை. மேலிடத்தில் எனக்குக் கோபம் என்றால் மேலிடத்தோடு மோதலாம், விலகலாம். கீழே இருப்பவனை விற்பதற்கு எந்த அவமானமும் காரணமாகாது.

*

முகில் எழுதியது:

பெரியவர்கள் மன்னிக்கவும், எனக்கு இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். இவ்வளவு கவனமாகச் செய்த திட்டம் எப்படி வெளிப்பட்டது? ஆண்ட்ரேயை மடக்கிய மூவர் உண்மையில் வழிப்பறிக்காரர்கள் என்று ஓரிடத்தில் படித்தேன், அது சரியா?

*

கல்வெட்டு எழுதியது:

முகில், பல சின்னச் சின்னத் தடங்கல்கள் சேர்ந்து கெடுத்தன.

1780 செப்டம்பர் 21 இரவில் ஆண்ட்ரே 'வல்ச்சர்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து இறங்கி, ஹாவர்ஸ்ட்ரா அருகே ஆற்றங்கரையில் அர்னால்டைச் சந்தித்தார். பேச்சு விடியும்வரை நீண்டது. விடிந்ததும் எதிர்க்கரை முனையிலிருந்து கர்னல் ஜேம்ஸ் லிவிங்ஸ்டன் அந்தக் கப்பலைப் பீரங்கியால் சுட ஆரம்பித்தார். மேலிட ஆணை எதுவும் இல்லை, கண்ணெதிரே எதிரிக் கப்பல் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கப்பல் ஆற்றோடு கீழே விலகிப் போனது. ஆண்ட்ரே கரையில் மாட்டிக்கொண்டார். சீருடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில், ஜான் ஆண்டர்சன் என்ற பெயருக்கு அர்னால்டு கொடுத்த அனுமதிச்சீட்டோடு தரைவழியே கிளம்பினார். சீருடையைக் கழற்றிய அந்தக் கணத்தில் அவர் போர்க்கைதி என்ற தகுதியை இழந்து உளவாளி ஆனார்.

23 ஆம் தேதி டாரிடவுன் அருகே ஜான் பால்டிங், ஐசக் வான் வார்ட், டேவிட் வில்லியம்ஸ் என்ற மூன்று குடிப்படை இளைஞர்கள் மறித்தார்கள். பால்டிங் ஜெர்மானியக் கூலிப்படையின் மேலங்கி அணிந்திருந்தார். அதைப் பார்த்துத் தம் பக்கத்து ஆட்கள் என்று நினைத்த ஆண்ட்ரே, தாம் பிரிட்டிஷ் அதிகாரி என்று சொல்லிவிட்டார். பிறகுதான் சீட்டை எடுத்துக் காட்டினார். அவர்கள் நம்பவில்லை. காலணியைக் கழற்றச் சொன்னார்கள். காகிதங்கள் வெளியே வந்தன.

வழிப்பறிக்காரர்கள் என்ற குற்றச்சாட்டு புதிதன்று. அந்தக் காலத்து உளவுத்துறைப் பொறுப்பாளரான பெஞ்சமின் டால்மேட்ஜே 1817-ல் காங்கிரசில் எழுந்து, அவர்கள் கொள்ளையடிக்கத்தான் நின்றார்கள் என்றார். பால்டிங்கின் ஓய்வூதியத்தை உயர்த்தக் கூடாது என்பது அவர் வாதம். எனக்கு அது கசப்பாக இருக்கிறது. கடிகாரம், குதிரை, கேட்ட பணம் எல்லாம் தருகிறேன் என்று ஆண்ட்ரே சொல்லியும் அவரை விடாமல் கொண்டுபோய் ஒப்படைத்தவர்கள் அவர்கள். வழிப்பறிதான் நோக்கம் என்றால் வாங்கிக்கொண்டு விட்டிருக்கலாம். அர்னால்டுக்கு ஆயிரம் காரணம் தேடும் நாம், ஏழை விவசாயிகள் மூவரின் நேர்மைக்கு மட்டும் சாட்சி கேட்கிறோம்.

அதன்பின் நடந்ததுதான் விபரீதம். அந்தப் பகுதியின் ராணுவ அதிகாரி ஜேமிசன் காகிதங்களை வாஷிங்டனுக்கு அனுப்பினார், கைதான செய்தியை அர்னால்டுக்கே எழுதினார்! அர்னால்டு அவருடைய தளபதி, தெரிவிப்பது முறை என்று நினைத்தார். 25 ஆம் தேதி காலை உணவில் அமர்ந்திருந்த அர்னால்டின் கைக்கு அந்தக் கடிதம் வந்தது. வாஷிங்டன் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். மாடிக்குப் போய் மனைவியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, படகில் ஏறி 'வல்ச்சர்' கப்பலுக்குத் தப்பினார். தன்னோடு சேரும்படி படகோட்டிகளை அழைத்தார். மறுத்தார்கள். இத்தனை நாள் தன்னை ஏற்றி இறக்கியவர்களை அங்கேயே கைதிகளாக ஒப்படைத்தார்.

*

தேன்மொழி எழுதியது:

மாடியில் இருந்த அந்த மனைவியை யாருமே பேசவில்லை என்பதால் வருகிறேன்.

பெக்கி ஷிப்பன், பிலடெல்பியாவின் வசதியான குடும்பத்துப் பெண். பிரிட்டிஷார் நகரைப் பிடித்திருந்த குளிர்காலத்திலேயே ஆண்ட்ரே அவருக்கு அறிமுகம். 1779 ஏப்ரல் 8 அன்று அர்னால்டை மணக்கும்போது பெக்கிக்கு வயது 18, அர்னால்டுக்கோ 38. தூது கிளம்பியது அடுத்த மாதமே. கல்வெட்டு அவர்களின் தேதி வரிசையில் இந்த ஏப்ரல் 8 இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

செப்டம்பர் 25 காலையில் அவர் செய்ததைப் பாருங்கள். கணவன் ஆற்றில் தப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், தலைவிரி கோலமாக, கைக்குழந்தையோடு, தன் தலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு இருப்பதாக அலறுகிறார். வாஷிங்டனை அழைத்துவந்து காட்டினால், இவர் வாஷிங்டன் இல்லை, என் குழந்தையைக் கொல்ல வந்தவர் என்கிறார். வாஷிங்டன், அவருடைய உதவி அதிகாரி ஹாமில்டன், அவர் படையில் இருந்த பிரெஞ்சுக்காரர் லஃபாயெட் மூவரும் நெகிழ்ந்துபோனார்கள். ஹாமில்டன் தான் மணக்கவிருந்த பெண்ணுக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார். கப்பலிலிருந்து அர்னால்டும், என் மனைவி தேவதையைப்போல் குற்றமற்றவள் என்று வாஷிங்டனுக்கு எழுதினார். பெக்கியைப் பத்திரமாகப் பிறந்தகத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

சுமார் 150 ஆண்டுகள் அந்தத் தேவதைக் கதை செல்லுபடியானது. பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளின்டனின் ஆவணங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்து நூலகத்துக்கு வந்து ஆய்வாளர்கள் பிரித்துப் படித்தபோதுதான் பெக்கியின் பங்கு தெரிந்தது. அவருடைய சேவைக்காக 350 பவுண்டு கொடுத்த பதிவு இருக்கிறது. ஆண்டுக்கு 500 பவுண்டு ஓய்வூதியமும் கிடைத்தது. கணவருக்குக் கிடைத்த ஓய்வூதியத்தைவிட அது அதிகம்.

ஒரு கடிதத்தை மட்டும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 1779 ஆகஸ்ட்டில் பேரம் தொகையில் முட்டி நின்றுபோயிருந்தது. அப்போது ஆண்ட்ரே பெக்கிக்கு எழுதுகிறார்: தொப்பிக்குக் கம்பி, ஊசி, மெல்லிய துணி வேண்டுமானால் நான் வாங்கி அனுப்புகிறேன். வீட்டிலுள்ள ஆண்கள் இதைப் பிரித்துப் படித்திருந்தாலும் சிரித்துவிட்டு மடித்து வைத்திருப்பார்கள். அறுந்துபோன பேச்சை மறுபடி இணைக்க இதைவிடப் பாதுகாப்பான நூல் கிடைக்காது. கர்னல்களைச் சந்தேகித்தார்கள், கடைக்காரர்களைச் சந்தேகித்தார்கள், ஊசி நூல் கேட்கும் இளம் பெண்ணைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெக்கி தூண்டித்தான் அர்னால்டு கெட்டார் என்று நான் சொல்லவில்லை. பெண்ணின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆணை விடுவிக்கும் அந்தப் பழைய வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருவரும் கூட்டாளிகள். பெக்கிக்கு அறிவும் துணிவும் இருந்தன. அவற்றை எதற்குச் செலவிட்டார் என்பதை அவர் கணக்கிலேயே எழுத வேண்டும்.

*

கடலூர்க்காரன் எழுதியது:

இந்தப் போர் நம்மூருக்குச் சம்பந்தமில்லாதது என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக ஒரு சிறு இடைச்செருகல். சரடோகா வெற்றிக்குப் பிறகுதான் 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்தது. பிரான்சோடு போர் என்றதும் ஆங்கிலேயர்கள் அதே ஆண்டு புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்துக்கொண்டார்கள். 1783 ஜூனில் எங்கள் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களை ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டிருந்தபோது, கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கடற்படை வந்து மோதியது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்த பிறகே சண்டை நின்றது. அர்னால்டு கால் நொறுங்கிய அந்த மாலையின் விளைவு வங்கக் கடல் வரைக்கும் வந்திருக்கிறது. பின்னாளில் அவருடைய மகன்கள் இருவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்தார்கள்.

*

இளமாறன் எழுதியது:

சுபேதார் ஐயா எழுதியதைப் படித்துச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த 3,000 பேரைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க நான் வரவில்லை.

ஆனால் அமெரிக்கர்களாலேயே இந்த மனிதரை ஒரே வரியில் முடிக்க இயலவில்லை என்பதைக் கவனியுங்கள். சரடோகா நினைவுத்தூணில் நான்கு மாடங்கள். கேட்ஸ், ஸ்கைலர், மார்கன் மூவருக்கும் சிலை உண்டு, நான்காவது மாடம் காலி. அதே களத்தில் 1887-ல் வைத்த கல்லில் ஒரு காலணி செதுக்கப்பட்டிருக்கிறது. கண்டப் படையின், அதாவது காங்கிரசின் ராணுவத்தின், மிகச் சிறந்த வீரர் என்று எழுதிவிட்டுப் பெயரை விட்டுவிட்டார்கள். வெஸ்ட் பாயின்டின் பழைய தேவாலயத்தில் ஜெனரல்களின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே ஒன்றில் பதவியும் பிறந்த ஆண்டும் மட்டுமே இருக்கின்றன. சரடோகாவில் அந்தக் குண்டு சற்று மேலே பட்டிருந்தால் இன்று ஊருக்கு ஒரு சிலை இருந்திருக்கும். ஒரு புரட்சி தன்னுடைய மிகச் சிறந்த போர்வீரனைக் கணக்குப் பிள்ளைகளிடமும் அரசியல்வாதிகளிடமும் விட்டுக்கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றை எழுத வேண்டும்.

அவர் செய்தது தவறு, சரி. வேறு என்ன செய்திருக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

*

சுபேதார் ஓய்வு எழுதியது:

தம்பி, காலணிக் கல்லைப் பற்றிச் சொன்னீர்கள். நியூ லண்டனையும் சொல்லுங்கள்.

பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர் ஜெனரலான பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. 1781 ஜனவரியில் விர்ஜினியாவின் ரிச்மண்டை எரித்தார். செப்டம்பர் 6 அன்று கனெக்டிகட்டின் நியூ லண்டன் துறைமுகத்தை எரித்தார். அவர் பிறந்து வளர்ந்த நார்விச் அதே ஆற்றின் மேல்முனையில் இருக்கிறது. அந்த நகரத்து வணிகர்களை இளமையிலிருந்தே அறிந்தவர். எதிர்க்கரையில் இருந்த கிரிஸ்வோல்ட் கோட்டைக்கு அவர் அனுப்பிய பிரிவு, சரணடைந்தவர்களையும் வெட்டிக் கொன்றது. எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோட்டைத் தலைவர் லெட்யார்டு அதில் ஒருவர். அர்னால்டு அந்தக் கரையில் இல்லை என்பது உண்மை. அனுப்பியவர் அவர்.

மனம் வெறுத்துப் போரைவிட்டு விலகியவனாக இருந்தால் நானும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பேன்.

*

கல்வெட்டு எழுதியது:

இளமாறன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேறு என்ன செய்திருக்கலாம்?

விலகியிருக்கலாம். அந்த வழி அவருக்குத் தெரியும். 1777 ஜூலையில் அவரே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். 1779 மார்ச்சில் பிலடெல்பியாப் பொறுப்பைத் துறக்கவும் செய்தார். போரைவிட்டுப் போய் நிலம் வாங்கிக் குடியேற அப்போது ஒரு வாய்ப்பும் இருந்தது. நியூயார்க் மாநிலத் தலைவர்களுக்கு அவர் மேல் நல்ல மதிப்பு, நிலம் தரும் பேச்சு அவர்களோடு நடந்துகொண்டிருந்தது. ஊன்றுகோலோடு அங்கே போய் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே 1777-ல் அதே காங்கிரஸ் இன்னொருவருக்கும் அநீதி செய்தது. நியூ ஹாம்ப்ஷயரின் ஜான் ஸ்டார்க். பங்கர் ஹில்லிலும் டிரென்டனிலும் முன்னணியில் நின்றவர். அவரைத் தாண்டி வேறொருவரைப் பிரிகேடியர் ஆக்கினார்கள். ஸ்டார்க் மார்ச்சில் ராஜினாமா செய்துவிட்டுப் பண்ணைக்குப் போய்விட்டார். கோடையில் பர்காயின் இறங்கி வந்தபோது அவருடைய மாநிலம் கூப்பிட்டது. காங்கிரசின் தளபதிகளுக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தார். கோபத்தை அவர் விழுங்கவே இல்லை. ஆகஸ்ட் 16 அன்று பெனிங்டன் சண்டையில் பர்காயின் படையிலிருந்து ஏறத்தாழ 900 பேரை இல்லாமல் செய்தார். சரடோகா வெற்றிக்கு அடித்தளம் அதுதான். 1780 செப்டம்பர் 29 அன்று டாப்பன் ஊரில் ஆண்ட்ரேயை விசாரித்த பதினான்கு ஜெனரல்களில் இந்த ஸ்டார்க்கும் ஒருவர். அர்னால்டைத் தாண்டி உயர்வு பெற்ற ஐவரில் ஸ்டெர்லிங், செயின்ட் கிளேர் இருவரும் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்டோபர் 2 அன்று ஆண்ட்ரேயைத் தூக்கிலிட்டார்கள். அர்னால்டைக் கொடுத்தால் ஆண்ட்ரேயைத் தருகிறோம் என்று மறைமுகமாகச் சொல்லிப் பார்த்தும் கிளின்டன் இசையவில்லை.

ஜெனரல்களை விடுங்கள். 1781 ஜனவரி முதல் நாள் பென்சில்வேனியாச் சிப்பாய்கள் மாரிஸ்டவுன் முகாமில் கலகம் செய்தார்கள். சம்பளம் இல்லை, உடை இல்லை, ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீட்டுக்கு விடவில்லை. அர்னால்டின் குறைகளைவிட அவர்களுடைய குறைகள் எவ்வளவு பெரியவை! செய்தி தெரிந்ததும் கிளின்டன், மன்னிப்பும் பாக்கிச் சம்பளமும் தருவதாக ஆள் அனுப்பினார். அந்தத் தூதர்கள் இருவரையும் சிப்பாய்கள் பிடித்துத் தம் அதிகாரிகளிடமே ஒப்படைத்தார்கள். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். பேச்சு நடத்த வந்த மாநிலத் தலைவர் அதே ஜோசப் ரீட்தான். அவர் பரிசாகக் கொடுக்க முன்வந்த பொற்காசுகளையும் சார்ஜென்ட்டுகளின் குழு வேண்டாம் என்றது.

*

இளமாறன் எழுதியது:

ஸ்டார்க் உதாரணம் வலுவானது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, கல்வெட்டு ஐயா. ஸ்டார்க்குக்குப் பின்னால் நியூ ஹாம்ப்ஷயர் இருந்தது, கூப்பிட்டுப் பதவி கொடுத்தது. அர்னால்டின் கனெக்டிகட்டில் இரண்டு ஜெனரல் இடங்களும் நிரம்பியிருந்தன, அவருக்காகக் காங்கிரசில் சண்டை போட அங்கே ஆள் இல்லை. 1777 பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்து வாஷிங்டனே இது ஏதோ தவறு என்று வியந்து எழுதியிருக்கிறார். தலைமைத் தளபதியைக் கேட்காமல் ஜெனரல்களை நியமித்த அந்த முறையை யார் கொண்டுவந்தார்கள், எந்த மாநிலப் பிரதிநிதிகள் அதற்காக வாக்களித்தார்கள் என்பதைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இதே இழையில் இடுகிறேன். சுபேதார் ஐயாவும் தேன்மொழி அக்காவும் அவசியம் படித்துவிட்டு எழுத வேண்டும்.